வருடத்தின் பிடித்த ஆல்பங்கள்: பட்டியல் போடுவது எப்படி

டிசம்பர் மாதம் யாராவது "இந்த வருஷம் உங்களுக்குப் பிடிச்ச ஆல்பம் எது?" என்று கேட்டால், கடைசி இரண்டு மூன்று மாதங்களில் வந்தவைதான் சட்டென்று வாயில் வரும். பிப்ரவரியில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது நினைவிலேயே இருக்காது. அதனால் ஆண்டுப் பட்டியல் என்பது ஜனவரியில் தொடங்குகிற வேலை. நான் அதை எப்படிச் செய்கிறேன் என்று 2023-ஐ வைத்தே சொல்கிறேன். அந்த வருடம் தமிழில் கேட்க நிறைய இருந்தது, சண்டை போடவும் நிறைய இருந்தது.

எது ஆல்பம்?

கல்லூரி நாட்களில் திண்டுக்கல்லில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். ஒரு படத்தின் பாட்டெல்லாம் அநேகமாக அதில் அடங்கிவிடும். கம்பெனி கேசட்டுகளும் பல அப்படித்தான் வந்தன: ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட ஃபார்வர்ட் அழுத்தினால் டேப் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. எனவே எல்லோரும் முழுப் பக்கத்தையும் ஓடவிட்டுக் கேட்டார்கள். வாங்கிய வாரம் ஒருவர் முகம் சுளித்த பாட்டை, அடுத்த மாதம் அவரே "அத இன்னொரு கேசட்டுலயும் போட்டுக் குடுங்க" என்று கேட்டு வந்து நிற்பார். இதை அந்தக் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்றும் என் அளவுகோல் அந்த அரை மணி நேரம்தான். ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, வரிசை மாற்றாமல் கேட்க முடிகிறதா? ஒரு பாட்டுக்காக மட்டும் அதற்குள் போய் வருகிறேன் என்றால் அது நல்ல பாட்டு. ஆல்பம் பட்டியலில் அதற்கு இடமில்லை.

எந்த வருடத்துக் கணக்கு?

இப்போது பாட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன, படம் தனியாக வருகிறது. எதை எந்த வருடத்தில் சேர்ப்பது என்று முதலிலேயே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். முழு ஆல்பமும் கைக்கு வந்த தேதிதான் என் கணக்கு. 'வாரிசு' படம் 2023 பொங்கலுக்கு வந்தது, ஆனால் பாட்டு வெளியீட்டு விழா 2022 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. 'ரஞ்சிதமே' அதற்கும் முன்னால், நவம்பரில் வந்தது. ஆகவே அது 2022-க்குப் போகும். 'வாத்தி' படத்தின் 'வா வாத்தி' 2022 நவம்பரில் வந்தாலும் முழு ஆல்பம் 2023-இல்தான் வந்தது. அது 2023. பொங்கல் படங்களில்தான் இந்தக் குழப்பம் அதிகம் வரும். எந்த விதி வைத்தாலும் சரி, நடு வருடத்தில் மட்டும் மாற்றாதீர்கள்.

இணையத் தொடர்களுக்கும் ஒரு விதி தேவைப்படுகிறது. 2023 மே மாதம் வந்த 'மாடர்ன் லவ் சென்னை'யில் ஆறு கதைகள், நான்கு இசையமைப்பாளர்கள்: இளையராஜா, யுவன் சங்கர் ராஜா, ஜி.வி. பிரகாஷ் குமார், ஷான் ரோல்டன். இதை ஒரே ஆல்பமாக எடுத்தால் யாருக்கும் நியாயமாக இருக்காது. நான் இசையமைப்பாளர்வாரியாகப் பிரித்து, மூன்று கதைகளுக்கு இளையராஜா போட்டவற்றை மட்டும் தனி ஆல்பமாகக் கணக்கில் எடுத்தேன்.

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு சாதாரண நோட்டு போதும். மாதத்துக்கு ஒரு பக்கம். படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள், பாட்டுகளின் வரிசை, எந்தப் பாட்டுகள் முன்கூட்டியே தனியாக வந்தன, முதல் முறை கேட்டபோது தோன்றிய ஒரு வரி. அவ்வளவுதான். பாடலாசிரியர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ஆப்களில் அந்தப் பெயரைப் பல நேரம் தேடித்தான் எடுக்க வேண்டும், யூடியூப் லிரிக் வீடியோவின் கீழே இருக்கும் விவரத்தில் பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழில் பாட்டுக் கேட்டுவிட்டு எழுதியவர் யாரென்று தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முன்கூட்டி வந்த பாட்டுகளைக் குறித்து வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பட்டியலுக்கான சோதனையே அங்கேதான். தனியாக விடும் பாட்டை எல்லோரும் கேட்கிறார்கள், அதற்கு விளம்பரம் உண்டு, ரீல்ஸ் உண்டு. ஆல்பத்தோடு சத்தமில்லாமல் வந்து இறங்குகிற மிச்சப் பாட்டுகள் எப்படி இருக்கின்றன? அவையும் நின்றால் அது ஆல்பம்.

'பொன்னியின் செல்வன் 2'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சக்திஸ்ரீ கோபாலன் பாடி, இளங்கோ கிருஷ்ணன் எழுதிய 'அக நக'வைக் கேட்காதவர் கிடையாது. அதே ஆல்பத்தில் 'இளையோர் சூடார்' என்று ஒன்று இருக்கிறது. அது புறநானூற்றின் 242-ஆவது பாட்டு, குடவாயில் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்துவிட்டான். இனி இளைஞர் முல்லைப் பூவைச் சூட மாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்ய மாட்டார்கள், பாணன் தன் யாழின் வளைந்த தண்டால் மெல்ல வளைத்துப் பறிக்க மாட்டான், பாடினியும் அணிய மாட்டாள். அப்படியிருக்க, முல்லையே, ஒல்லையூர் நாட்டில் நீ இன்னும் பூக்கிறாயா என்று புலவர் கேட்கிறார். ஒரு மரணத்தைச் சொல்ல ஒரு செடியிடம் கேட்ட கேள்வி போதுமாக இருந்திருக்கிறது. அந்த வரிகளைக் கோடிக்கணக்கில் செலவான ஒரு படத்தின் பாட்டாக ஏ.ஆர். ரஹ்மான் மெட்டமைத்து வைத்திருக்கிறார். 'அக நக'வோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இது தெரியவே தெரியாது. இதற்காகத்தான் முழு ஆல்பத்தையும் கேளுங்கள் என்று நான் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேட்கும் முறை

முதல் தடவை, படம் பார்ப்பதற்கு முன். வீடியோ வேண்டாம், காது மட்டும். ஷஃபிளை நிறுத்துங்கள். ஆல்பம் முடிந்ததும் ஆப் தானாகவே வேறு பாட்டுக்குத் தாவும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் எதுவும் ஓடக்கூடாது. நான் வேலைக்குப் போகும் பேருந்தில்தான் கேட்கிறேன். இரைச்சல் இருந்தாலும் யாரும் கூப்பிட்டுப் பேசாத நேரம் அது.

இரண்டாவது தடவை, படம் பார்த்த பிறகு. இங்கே சில ஆல்பங்கள் ஏறும், சில இறங்கும். 'மாமன்னன்' படத்தின் 'ராசா கண்ணு' 2023 மே மாதம் வந்தபோது, வடிவேலு பாடியிருக்கிறார் என்பதே பேச்சாக இருந்தது. முப்பது வருடமாக நம்மைச் சிரிக்க வைத்த குரல். ஏதோ புதுமைக்குச் செய்திருப்பார்கள் என்றுதான் பலரும் ப்ளே அழுத்தினார்கள். கேட்டால், ஒப்பாரியின் சாயலில் நகரும் ஒரு மெட்டு. பாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் சுருதியில் காட்டும் மினுமினுப்பு அந்தக் குரலில் இல்லை. அவர் அழுதும் பாடவில்லை. நடந்ததைச் சொல்லும் ஒரு பெரியவரின் தொண்டைதான் அதில் கேட்கிறது. யுகபாரதியின் வரிகளும் அப்படித்தான், அலங்காரம் இல்லாத பேச்சு வழக்கு. படத்தில் வடிவேலு நடித்த அந்த மனிதரின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டபோது, வேறு யாரையும் அங்கே நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த மாதிரி நேரங்களில் நோட்டில் பழைய வரியை அடிக்காமல் அதன் கீழே புது வரியை எழுதுங்கள். இரண்டுமே வேண்டும்.

பின்னணி இசைக்குத் தனிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 'அக நக'வின் மெட்டு முதல் பாகத்திலேயே வந்தியத்தேவனும் குந்தவையும் சந்திக்கும் இடத்தில் பின்னணியாகத் தலைகாட்டியது. பார்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முழுப் பாட்டாகக் கேட்க அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னணி இசையைத் தியேட்டரிலேயே கவனிக்கப் பழகியவருக்கு இப்படிப்பட்ட சந்தோஷங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

மூன்றாவது தடவை, இரண்டு மூன்று மாதம் கழித்து. அதுவரை அந்த ஆல்பத்தைத் தொடாமல் இருந்து பாருங்கள். பாத்திரம் கழுவும்போதோ வண்டி ஓட்டும்போதோ எந்த மெட்டு தானாக வாயில் வருகிறது? வருகிற மெட்டு பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. 'விடுதலை' முதல் பாகத்தில் தனுஷும் அனன்யா பட்டும் பாடிய 'ஒன்னோட நடந்தா'தான் எனக்கு முதலில் பிடித்தது. சில மாதம் போனதும் வாயில் வந்தது 'காட்டுமல்லி'. இளையராஜாவே எழுதி, அனன்யா பட்டோடு சேர்ந்து பாடியது. 80 வயதை எட்டப்போகும் குரல் அது. வயதை அவர் மறைக்கவே இல்லை, அதனால்தான் அந்தப் பாட்டில் காதல் நிதானமாக இருக்கிறது.

எண்ணிக்கை, வரிசை, சண்டை

பத்து என்ற எண்ணுக்காக எதையும் இட்டு நிரப்பாதீர்கள். ஏழு தேறினால் ஏழு. ஒரே இசையமைப்பாளர் மூன்று முறை வந்தால் வரட்டும். 2023-இல் மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் ரஹ்மானின் 'பத்து தல', 'பொன்னியின் செல்வன் 2', 'மாமன்னன்' மூன்றும் வந்தன. மூன்றும் என் பட்டியலில் இருந்தன. பங்கு பிரித்துக் கொடுக்க இது சொத்து இல்லை.

வரிசை எண்ணும் முதல் இடத்துக்கு மட்டும் போதும். நான்காவதா ஐந்தாவதா என்று உட்கார்ந்து யோசிப்பதைவிட அந்த நேரத்தில் இன்னொரு முறை கேட்கலாம்.

விருதையும் பார்வை எண்ணிக்கையையும் பட்டியல் போடும்போது பக்கத்தில் வைக்காதீர்கள். 'வாத்தி'க்காக ஜி.வி. பிரகாஷ் குமார் தேசிய விருது வாங்கினார். ஸ்வேதா மோகன் பாடிய 'வா வாத்தி' எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஆல்பத்தின் மற்றப் பாட்டுகள் என்னிடம் திரும்பி வரவில்லை, அதனால் சேர்க்கவில்லை. அதேபோல் ஸ்பாட்டிஃபை டிசம்பர் தொடக்கத்தில் அனுப்பும் வருடக் கணக்கு, நீங்கள் எதை அதிகம் ஓடவிட்டீர்கள் என்பதைத்தான் சொல்லும். வீட்டில் குழந்தை இருந்தால் அது குழந்தையின் பட்டியலாக இருக்கும்.

என் அக்கா மகனுக்கு என் பட்டியல் மேல் எப்போதும் வருத்தம்தான். "மாமா, காவாலா இல்லாம 2023 லிஸ்டா?" என்று கேட்டான்.

"காவாலா பாட்டு லிஸ்டுல மொத ஆளுடா. ஜெயிலர் முழுசா எத்தன தடவ கேட்ட?"

"ஹுக்கும் கேப்பேன்..."

"அப்புறம்?"

அவன் யோசித்தான். அதற்காக அவன் ரசனை மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஷில்பா ராவ் பாடிய அந்தப் பாட்டு அந்த வருடம் கல்யாண வீடு, கோவில் திருவிழா, கல்லூரி விழா என்று எல்லா மேடையையும் ஆட வைத்தது. அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் வையுங்கள். இரண்டையும் கலந்தால்தான் சண்டை வரும்.

எழுதும்போது

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மூன்று நான்கு வாக்கியம் போதும். ஒரு பாட்டைச் சொல்லுங்கள், அதற்குள் ஒரு இடத்தைச் சொல்லுங்கள், எப்போது கேட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லுங்கள். 'வேற லெவல்', 'மனதை வருடும்' போன்றவற்றை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறதோ அதுதான் நீங்கள் சொல்ல வந்தது. நான் எழுதிய ஒன்று இது:

"குட் நைட். இசை ஷான் ரோல்டன். குறட்டையால் அவதிப்படுகிற ஒருவனைப் பற்றிய படம், சத்தம்தான் பிரச்சினையே. ஆனால் பாட்டுகள் குரலை உயர்த்துவதே இல்லை. 'நான் காலி'யைப் புதிதாகக் கல்யாணமானவர்கள் ராத்திரி மொட்டை மாடியில் கேட்கலாம்."

பட்டியலை டிசம்பர் 31-க்குள் முடிக்க அவசரப்படாதீர்கள். மாதக் கடைசியில் வந்த ஆல்பத்துக்கும் மூன்று தடவை கிடைக்க வேண்டும். நான் பொங்கல் கழித்துத்தான் முடிப்பேன். 2023-க்கு முடித்தது இப்படி: முதலிடம் 'மாமன்னன்'. வரிசையில்லாமல் 'விடுதலை' முதல் பாகம், 'பொன்னியின் செல்வன் 2', 'மாடர்ன் லவ் சென்னை'யில் இளையராஜா பகுதி, 'குட் நைட்', சந்தோஷ் நாராயணனின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்', 'பத்து தல'. கடைசியில் சொன்னதில் 'நம்ம சத்தம்' கேட்டிருப்பீர்கள். ஏ.ஆர். அமீனும் சக்திஸ்ரீயும் பாடிய 'நினைவிருக்கா'வையும் கேளுங்கள்.

யாருக்காவது அனுப்பும்போது முழுப் பட்டியலையும் தலையில் கொட்டாதீர்கள். அந்த ஆளுக்கு ஒத்துவரும் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்து, எல்லோருக்கும் தெரிந்த பாட்டை விட்டுவிட்டு அதில் தெரியாத பாட்டின் சுட்டியை அனுப்புங்கள். அது பிடித்துப்போனால் மீதியை அவரே தேடிக் கேட்பார்.