மருத்துவக் காப்பீடு: புது விதிகளை அரைகுறையாக நம்பினால்

2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மருத்துவக் காப்பீட்டு விதிகளை நிறையவே மாற்றியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18% ஜிஎஸ்டியும் போய்விட்டது. நல்லதுதான். ஆனால் பாதி விதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கையைச் சுட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய தவறு, பாலிசி எடுக்கும்போது சர்க்கரையையும் பிரஷரையும் மறைப்பது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 4 ஆண்டாக இருந்தது, இப்போது 3. விடாமல் 5 ஆண்டு பிரீமியம் கட்டியவரிடம் "அன்றைக்கு நீங்கள் சொல்லவில்லையே" என்று கம்பெனி க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டு. உடனே, "அஞ்சு வருஷம் ஓட்டிட்டா போதும், எதையும் எழுத வேண்டாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மோசடி என்று நிரூபித்துவிட்டால் 5 ஆண்டு தாண்டியும் பலனில்லை. அதைவிட, மூன்றாம் ஆண்டிலேயே நெஞ்சுவலி வந்தால்? கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்பார், நாமே "பத்து வருஷமா சுகர் சார்" என்போம். கேஸ் ஷீட்டில் ஏறும் அந்த ஒரு வரி போதும், க்ளெய்மை மறுக்க.

அடுத்தது ரூம் வாடகை. 3 லட்ச ரூபாய் பாலிசியில் வாடகை வரம்பு அந்தத் தொகையில் 1% என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ஏசி ரூமில் படுத்தால் வாடகை வித்தியாசம் மட்டும்தான் கைக்காசு என்று நினைக்காதீர்கள். வரம்பு வாடகையில் பாதிதான் என்பதால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் என்று அதிலும் பாதியை வெட்டிவிடலாம். மருந்து, ஸ்டென்ட் போன்ற செலவுகளில் இந்த விகிதத்தைக் காட்டி வெட்டக் கூடாது.

கேஷ்லெஸ் என்றால் பில்லை கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது; டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்தில் அந்த ஒப்புதலைத் தர வேண்டும் என்பதும் புது விதிதான். அந்தக் கடிகாரம் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றதும் ஓடத் தொடங்காது. ஆஸ்பத்திரி பில்லை முடித்து அனுப்பிய பிறகே ஓடும். சாயங்காலம் ஆகிவிட்டால் பில்லிங் கவுண்டரையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி போனதால் பிரீமியம் இனி ஏறாது என்பதும் கனவு. 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற ஐஆர்டிஏஐ-யைக் கேட்க வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. ஆபீஸ் குரூப் பாலிசியை மட்டும் நம்புகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: வேலை போனால் அதுவும் போகும்.

புது பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க இப்போது 30 நாள் அவகாசம் உண்டு, முன்பு 15 நாள்தான். அதற்குள் 'விலக்குகள்' என்று போட்டிருக்கும் பக்கத்தையும் ரூம் வாடகை வரியையுமாவது படித்துவிடுங்கள்.