அட்மெகா8 நிரலை அட்மெகா328பி சில்லுக்கு மாற்றுதல்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அட்மெகா8 நுண்கட்டுப்படுத்திச் சில்லு (நிரலை ஏற்றி இயக்கும் சிறு கணினி) கிடைக்காமல் அட்மெகா328பி வாங்கி வந்தவர்கள், பழைய மின்சுற்றுப் பலகையின் 28 முனைத் தாங்கியில் அதனை அப்படியே பொருத்தலாம். நிரல் மட்டும் அவ்வாறு பொருந்தாது. தொகுப்பான் (நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பிழையெனச் சுட்டும் வரிகளைத் திருத்துவது எளிது. எவ்வித முறைப்பாடுமின்றித் தொகுக்கப்பட்டு, பின்னர் வேறுவிதமாக இயங்கும் வரிகளே நேரத்தை விழுங்குபவை.

முதலில், சில்லில் நிரலை எழுதும் ஏவிஆர்டியூட் மென்பொருள் மூலம் சில்லின் அடையாள எண்ணை வாசியுங்கள். 328பி எனில் 1ஈ 95 0எஃப் என்றும், பி இல்லாத 328 எனில் 1ஈ 95 14 என்றும் வரும். பொருந்தவில்லை என்று மென்பொருள் மறுத்தால், சரியான சில்லின் பெயரைக் கொடுங்கள். வற்புறுத்தி எழுத வேண்டாம்.

அடுத்து, நிரலின் எந்த வரியையும் தொடுவதற்கு முன் கடிகார வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். புதிய 328பி, உள்ளக 8 மெகாஹேட்ஸ் அலையியற்றியை எட்டால் வகுத்து 1 மெகாஹேட்ஸில் இயங்கும். பலகையில் 16 மெகாஹேட்ஸ் பளிங்கு இருந்தாலும் பியூஸ் பிற்றுகளை (சில்லின் அடிப்படை அமைப்புகளை வைத்திருப்பவை) மாற்றும்வரை அது பயன்படுத்தப்படாது. ஒரு செக்கனுக்கு ஒருமுறை மினுங்க வேண்டிய எல்ஈடி 16 செக்கனுக்கு ஒருமுறை மினுங்கினாலோ, சீரியல் திரையில் புரியாத எழுத்துகள் வந்தாலோ, காரணம் பெரும்பாலும் இதுவே.

பதிவகங்களில் (சில்லின் உறுப்புகளைக் கட்டுப்படுத்தும் நினைவிடங்கள்) பல பெயர்மாற்றத்துடன் முடிந்துவிடும்: யூடிஆர் என்பது யூடிஆர்0 ஆகும், டிசிசிஆர்0 என்பது டிசிசிஆர்0பி ஆகும். சீரியல் தொடர்பை அமைக்கும் வரிகளில் வரும் யூஆர்செல் பிற்று அப்படிப்பட்டதன்று. அட்மெகா8இல் இரண்டு பதிவகங்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்ததால், எதற்கு எழுதுகிறோம் எனக் காட்ட அது தேவைப்பட்டது. 328பியில் அந்தப் பகிர்வு இல்லை. தொகுப்பானை அமைதிப்படுத்துவதற்காக யூஆர்செல்லுக்கு 7 என்ற பெறுமானத்தைத் தாமே வரையறுப்போர், யூசிஎஸ்ஆர்0சியில் சீரியல் முறைமையைத் தெரிவுசெய்யும் பிற்றொன்றை 1 ஆக்கி, பயன்பாட்டுக்கு ஒதுக்கப்படாத நிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். யூஆர்செல்லை நிரலிலிருந்து அழித்துவிடுவதே முறை.

குறுக்கீட்டுப் (ஒரு நிகழ்வு நேரும்போது நிரலை இடைநிறுத்தித் தனிப் பகுதியொன்றை இயக்கும் வசதி) பெயர்கள் இதைவிடத் தந்திரமானவை. யூஎஸ்ஆர்டி_ஆர்எக்ஸ்சி என்ற பழைய பெயர் இங்கே யூஎஸ்ஆர்டி_ஆர்எக்ஸ் ஆகியுள்ளது. பழையதை விட்டுவைத்தால் தொகுப்பான் ஓர் எச்சரிக்கை மட்டும் தந்து தொகுத்துவிடும். ஆனால் முதல் பைற்று வந்தவுடன், கையாள எவருமற்ற குறுக்கீடு நிரலைத் தொடக்கத்திற்கே கொண்டுசெல்லும். மின்வழங்கலைச் சந்தேகிக்கும் முன் எச்சரிக்கைகளை வாசியுங்கள்.

வாட்ச்டோக்கினால் (நிரல் சிக்கிக்கொண்டால் சில்லை மீளத் தொடக்கும் காவல் கடிகை) மீளத் தொடங்கிய 328பியில் அந்த வாட்ச்டோக் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் எல்லையுடன் தொடர்ந்து இயங்குவதால், நிரலின் முதல் வரிகளிலேயே மீளத் தொடங்கிய காரணத்தைக் காட்டும் எம்சியூஎஸ்ஆர் பதிவகத்தைச் சுழியாக்கி வாட்ச்டோக்கை நிறுத்த வேண்டும். இல்லையேல் சில்லு முடிவின்றி மீளத் தொடங்கும்.

உள்ளீட்டு வோல்ற்றளவை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றுகையில் அளவுகோலாகும் உள்ளக ஒப்பீட்டு வோல்ற்றளவோ எந்த எச்சரிக்கையுமின்றி மாறும். அது அட்மெகா8இல் 2.56 வோல்ற், 328பியில் 1.1 வோல்ற். தெரிவுப் பிற்றுகள் இரண்டிலும் ஒன்றேயாதலால், 1 வோல்ற் உள்ளீட்டுக்கு 400 காட்டிய அதே நிரல் இப்போது ஏறத்தாழ 931 காட்டும், 1.1 வோல்ற்றுக்கு மேல் எல்லாம் 1023 ஆகவே நிற்கும். உள்ளீட்டின் பிரிப்புத் தடையிகளை மாற்றுங்கள். சில்லுக்குச் சில்லு இவ்வோல்ற்றளவு 1.0 முதல் 1.2 வரை வேறுபடலாம் என்பதால், அது வெளித்தெரியும் ஏரெஃப் முனையைப் பல்மானியால் அளந்து, கிடைத்த பெறுமானத்தையே கணிப்பில் இடுங்கள்.