அடுத்த டிஸ்க்கில் இந்தத் தவறுகள் வேண்டாம்

டிவிடி, ப்ளூ-ரே, 4கே ப்ளூ-ரே எல்லாம் பார்த்தாயிற்று. இதற்கடுத்து ஒரு டிஸ்க் வந்தால் என்ன வேண்டும் என்று கேட்டால் பலரும் 4கேயைவிட நுணுக்கமான 8கே படம் என்கிறார்கள். அங்கேயே தவறு தொடங்குகிறது. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு (வரிசை வீட்டு) முன்னறையில் 32 அங்குல டிவியில் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இப்போதைய 4கே டிஸ்க் 100 ஜிபி வரை கொள்ளும். அதற்கு மேல் இடம் கிடைத்தால் படத்தை அதிகம் அமுக்காமல் போடட்டும். இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையாமல் இருக்கும்.

பெரிய தவறு, டிஸ்க்கை நெட்டோடு கட்டிப்போடுவது. நகலெடுப்பதைத் தடுக்க ப்ளூ-ரேயில் போடும் பூட்டின் சாவிகள் அவ்வப்போது மாறும். பழைய பிளேயர் அப்டேட் ஆகாவிட்டால் புதுப் படம் ஓடாமல் போகலாம். சிக்னலுக்காகத் தேயிலை மலையில் மேடேறி நிற்கும் பொகவந்தலாவைக்காரர் அந்த அப்டேட்டுக்கு எங்கே போவார்? கணினியில் இன்னும் மோசம். 4கே டிஸ்க்கை முறைப்படி பார்க்க இன்டெல் சிப்பில் இருந்த ஒரு பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. 2021இல் வந்த 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையில் இருக்கிறது, புதுக் கணினியில் ஓடாது. காசு கொடுத்தவர் பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரீஜனும் அப்படித்தான். உலகைப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்து, ஒரு பகுதியின் டிஸ்க் இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி செய்யும் பூட்டு அது. டிவிடியில் இலங்கைக்கு 5, வளைகுடாவுக்கு 2. டுபாயில் வேலை செய்யும் அக்கா ஆசையாக வாங்கியனுப்பிய டிஸ்க் ஹட்டன் வீட்டில் ஓடாமல் போகலாம். 4கே ப்ளூ-ரே இந்தப் பிரிவினையைக் கைவிட்டது நல்ல காரியம். திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

சப்டைட்டில் விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் வருபவை பெரும்பாலும் எழுத்தின் படங்கள்தான். பாட்டிக்குத் தெரியவில்லை என்று பெரிதாக்க முடியாது. எழுத்தாகவே வரட்டும். ஆனால் தமிழ் எழுத்துருவும் அதைச் சரியாகக் கோக்கும் வசதியும் எல்லாப் பிளேயரிலும் கட்டாயமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும்.

அப்புறம் கீறலும் ஈரமும். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1. சின்னக் கீறலும் அழுக்கும்கூடப் படிப்பதைக் கெடுத்துவிடும். அதனால்தான் 2003இல் வந்த முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரின் டிஸ்க்குகளைப் பெட்டிக்குள் அடைத்து விற்றார்கள். கடினமான மேற்பூச்சு வந்த பிறகே பெட்டி போனது. கொள்ளளவுக்காக அந்தப் பூச்சில் கைவைக்கக் கூடாது. நுவரெலியா மூடுபனிக் காலத்தில் கவரைத் திறந்தால் டிஸ்க்கின் விளிம்பில் பொடிப்பொடியாக நீர் கோத்திருக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது என்பது எத்தனை வீட்டில் தெரியும்? தெரியாதவர் துடைத்தாலும் தாங்க வேண்டும்.

கடைசியாக மெனு. தாண்ட முடியாத விளம்பரமும், சுற்றிக்கொண்டே இருக்கும் லோடிங்கும் வேண்டாம். டிஸ்க்கைப் போட்டதும் படம் ஓடட்டும். பாதியில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரட்டும். பல ப்ளூ-ரே டிஸ்க்குகளில் இது இன்னும் நடப்பதில்லை.