முதுகுக்குக் கைரோபிராக்டிக், காலைக்கு ஒரு தம்ளர் சாறு: அளவறிந்து பயன்படுத்தும் முறை

சென்னையின் பூங்காக்களில் விடியற்காலை நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு வருவோருக்காக, அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணிச் சாறுகளை விற்கும் வண்டிகள் வாசலிலேயே காத்திருக்கின்றன. சாற்றை வாங்கிக் குடித்தபடியே கைபேசியைத் திறந்தால், ஒருவர் குப்புறப் படுத்திருக்க இன்னொருவர் அவர் முதுகை அழுத்தி 'மடக்' என்று ஓசை எழுப்பும் கைரோபிராக்டிக் காணொளிகள் வரிசையாக வருகின்றன. ஓசை கேட்டதும் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றும், பச்சை நிறத்தைக் கண்டதும் உடல் சுத்தமாகிவிடும் என்றும் நம்பத் தோன்றுவது இயல்பு. உண்மையில் இவ்விரண்டுக்கும் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயனை ஓசையாலும் நிறத்தாலும் அளக்க முடியாது. எதற்காகப் போகிறோம், எவ்வளவு போதும், எந்த நாளில் நிறுத்திக்கொள்வது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொண்டவருக்குத்தான் அவை உதவும்.

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டாவன்போர்ட் நகரில் பிறந்தது. டேனியல் டேவிட் பால்மர் என்பவர், செவித்திறன் இழந்திருந்த ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைச் சரிசெய்து கேட்கும் திறனை மீட்டுத் தந்ததாகக் கூறினார். முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்பை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்கு வேர் என்ற கொள்கையையும் அவர் அதன்மேல் எழுப்பினார். செவி நரம்போ மண்டையோட்டுக்குள்ளேயே ஓடி மூளையை அடைகிறது. முதுகெலும்பின் வழியாகச் செல்வதே இல்லை. ஆகவே ஆஸ்துமா, சர்க்கரை நோய், குழந்தைப்பேறின்மை ஆகியவற்றை முதுகை அழுத்திக் குணப்படுத்துவதாக யாரேனும் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அந்தக் கொள்கை நிலைக்காவிட்டாலும், கையால் செய்யும் சிகிச்சை ஓரளவு நிலைத்திருக்கிறது. இடுப்பு வலிக்கு முதலில் மருந்தில்லாத வழிகளை முயலலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெப்ப ஒற்றடம், மசாஜ், அக்குபங்சர் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் இன்னும் கறாராக, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டுமே கைச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது. என் மதிப்பீட்டில் இரண்டாவது நிலைப்பாடே நம் ஊருக்குப் பொருத்தமானது; மேசையில் படுத்துக் கிடப்பதற்குக் காட்டும் ஆர்வத்தை, வீட்டில் பாய் விரித்துப் பயிற்சி செய்வதற்கு நம்மில் பலர் காட்டுவதில்லை.

முதற்படி கைரோபிராக்டரிடம் போவதன்று. வலி எத்தகையது என்று அறிவது. கனமான பொருளைத் தூக்கியதாலோ நெடுநேரம் உட்கார்ந்ததாலோ வந்து, அசையும்போது கூடிக் குறையும் சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டாலும், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலும், கால் நாளுக்கு நாள் வலுவிழந்தாலும் அதே நாளில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல், புற்றுநோய் வரலாறு, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, ஓய்விலும் இரவிலும் தணியாத வலி ஆகியவற்றையும் மருத்துவர்தான் முதலில் பார்க்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு, வேகமாகத் திருகி அழுத்தும் முறையே பொருந்தாது.

அடுத்தது, யாரிடம் போவது என்பது. அமெரிக்காவில் இது பல ஆண்டுகள் படித்து, மாநில உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். அங்குள்ள கல்லூரிகளின் பாடத்திட்டம் குறைந்தது 4,200 மணி நேரம் கொண்டது. மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைரோபிராக்டிக் ஓர் அங்கீகரிக்கப்பட்ட துறை. இந்தியாவில் அலோபதி மருத்துவருக்கோ சித்த மருத்துவருக்கோ இருப்பதுபோல இத்தொழிலுக்கெனத் தனிப் பதிவு முறை இல்லாததால், எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டுப் படிப்பு, எந்த நாட்டில் உரிமம் என்று கேட்டறியும் பொறுப்பு நம்மையே சேர்கிறது. இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை தருபவரே முதல் தேர்வில் தேறியவர். கைச்சிகிச்சையில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் அருகிலேயே இருந்தால் அவரிடம் செல்வதிலும் குறைவொன்றுமில்லை. சாதாரண இடுப்பு வலிக்கு இவர் வழியும் அவர் வழியும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன.

முதல் அமர்வில் சிகிச்சையாளர் உங்கள் வலியின் வரலாற்றைக் கேட்க வேண்டும். குனிந்து நிமிரச் சொல்லியும் கால்களின் வலுவையும் உணர்வையும் சோதித்தும் பார்க்க வேண்டும். எங்கே, எப்படி அழுத்தப்போகிறார் என்று விளக்கி உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். கேள்வியே இல்லாமல் மேசையில் படுக்கச் சொல்பவரிடம் உடலை ஒப்படைக்க வேண்டாம். அழுத்தும்போது எழும் ஓசை, நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது எழுவதேதான். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. படமாகப் பிடித்து, மூட்டுகள் விலகும் கணத்தில் அங்குள்ள திரவத்தில் வாயுக்குழி உருவாவதைக் காட்டினர். ஓசை எழாவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தச் சொல்வது வீண். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் இலேசான வலியோ அயர்ச்சியோ இருப்பது வழக்கம். அதற்குமேல் நீடித்தாலோ கால் மரத்தாலோ சிகிச்சையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் இரண்டு கழுத்து முள்ளெலும்புகளின் ஊடாகவே ஏறிச் செல்கின்றன. கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள், அரிதாக என்றாலும், மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முடிவெட்டி முடித்ததும் தலையை இருபுறமும் ஒடித்து அனுப்பும் சலூன் வழக்கத்துக்கும் இது பொருந்தும். 'தலையை மட்டும் பிடித்துவிட்டால் போதும், அண்ணே' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் வெட்கமில்லை. கழுத்து வலிக்கு மென்மையான அசைவுகளும் தசைப் பயிற்சிகளும் இருக்க, வேகமாகத் திருப்புவதை மறுத்துவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. கழுத்தைத் தொட்ட பின் இதுவரை அறியாத கடும் தலைவலி, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் ஒரு பக்கமாகக் கோணுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

எத்தனை அமர்வு என்பதுதான் பணப்பையைத் தொடும் கேள்வி. மூன்று முதல் ஆறு அமர்வுகளுக்குள், அல்லது நான்கு வாரங்களுக்குள், தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் தொடர்வதில் பொருளில்லை என்பதை என் வரம்பாக வைத்திருக்கிறேன். ஐம்பது அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்ற பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம். அந்த நான்கு வாரங்களிலும் நாள்தோறும் அரை மணி நேரம் நடந்து, அரை மணிக்கு ஒரு முறை நாற்காலியைவிட்டு எழுந்து, சிகிச்சையாளர் சொல்லித் தந்த இரண்டு மூன்று பயிற்சிகளைத் தவறாமல் செய்தால்தான், பயன் தந்தது எதுவென்று சொல்ல முடியும். முழு ஓய்வெடுத்துப் படுத்துக் கிடப்பது இடுப்பு வலியைப் பெரும்பாலும் நீட்டிக்கவே செய்கிறது.

இனிச் சாறு. பழத்தைப் பிழிந்து வடிகட்டும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரையோ தம்ளரில் தங்கி, பழத்தை மென்று தின்னும்போதைவிட விரைவாக இரத்தத்தில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும் நாம் கரண்டியால் போடும் சர்க்கரையின் வகையிலேயே சேர்க்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவ்வகைச் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நன்று என்பது அதன் கணக்கு. ஒரு பெரிய தம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் மட்டுமே ஏறத்தாழ 20 கிராம் இருக்கிறது. அதனால் 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறிய தம்ளரே ஒரு நாளுக்குப் போதுமான அளவு. அதையும் வடிகட்டாமல் குடிப்பது நல்லது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கீரையும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியைப் பரிந்துரைக்கிறது. தட்டில் அந்த அளவு எட்டாதவர்களுக்குச் சாறு ஒரு துணை, பொரியலுக்கும் கூட்டுக்கும் மாற்றாகாது. உடலின் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள்முழுதும் செய்துகொண்டிருப்பதால், மூன்று நாள் சாறு மட்டும் குடித்து உடலைக் கழுவும் திட்டங்களுக்குத் தேவை எழவில்லை.

வீட்டில் செய்ய விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. இருக்கும் மிக்சியே போதும். தோலும் விதையும் நீக்கிய வெண்பூசணித் துண்டுகள் ஒரு கைப்பிடி, கொட்டை நீக்கிய பெரிய நெல்லிக்காய் ஒன்று, சிறு துண்டு இஞ்சி, பத்துப் புதினா இலைகள் ஆகியவற்றை ஓடும் நீரில் நன்கு கழுவி, கொதிக்கவைத்து ஆறிய நீர் சிறிது விட்டு அரைக்கலாம். சிட்டிகை மிளகுத்தூள் தூவினால் நெல்லியின் துவர்ப்பு அடங்கும்; உப்பும் தேனும் வேண்டாம். இதைக் காலை உணவோடு குடித்தால், நெல்லியின் வைட்டமின் சி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். காபியை அப்போது ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது நல்லது. அரைத்ததை உடனே குடித்துவிட வேண்டும். வெளியே வாங்குவதானால், ஐஸ் இல்லாமல் கண்முன்னே அரைத்துத் தரச் சொல்லலாம்.

சுரைக்காயில் மட்டும் அலட்சியம் கூடாது. கசக்கும் சுரைக்காயில் குகுர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். அத்தகைய சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. அரைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் காயையே எறிந்துவிட வேண்டும். பாகற்காயோடு கலந்தால் இக்கசப்பு தெரியாமலே போய்விடும் என்பதால் அப்படிக் கலக்கக் கூடாது. குடித்தபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வயிற்று வலியோ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரை, பீட்ரூட் சாறுகளும் இளநீரும் பொட்டாசியத்தாலும் ஆக்சலேட்டாலும் தீங்கு தரக்கூடும். இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மாத்திரையை எடுப்பவர்கள் கீரைச் சாற்றைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. சர்க்கரை நோயாளிகள் பழச்சாற்றைவிட முழுப் பழத்தையே, அதுவும் அளவோடு உண்ணலாம். தைராய்டு மாத்திரையை வெறும் நீரோடு விழுங்கிவிட்டு, சாற்றைக் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே தொட வேண்டும்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் இரவில் வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிட்டு, நடந்த நிமிடங்களையும் குடித்த சாற்றையும் எழுதி வைக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதே பக்கத்தில் குளுக்கோமீட்டர் அளவையும் குறிக்கலாம். நான்காம் வார இறுதியில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த அமர்வுக்கு நாள் குறிப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யலாம்.