பிள்ளை வாய் திறக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்மா" என்கிறாள் 13 வயதுப் பெண். "உனக்கென்ன குறை? எல்லாம் அந்த போனால வர்றது" என்கிறார் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த முறை "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும்.

வளரும் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தில் நாம் செய்யும் தவறுகளில், என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது இந்த அவசரத் தீர்ப்புதான். அன்பான அவசரமும் இதில் சேர்த்தி. "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்" என்று உடனே சொன்னாலும், பிள்ளை சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். "எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடம். பிள்ளைக்கு அது வார்த்தை தேடும் நேரம். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ பேச்சு சுலபமாக வரும். அறிவுரையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

அடுத்தது, எரிச்சலைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது. மனச்சோர்வு என்றால் அழுகையும் சோகமும்தான் என்று நினைக்கிறோம். வளரும் வயதில் அது சிடுசிடுப்பாகவும், கதவைச் சாத்திக்கொள்வதாகவும், பிடித்த விளையாட்டையே விட்டுவிடுவதாகவும் வரும். ஒரு நாள் மூட் அவுட் எல்லாருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், சாப்பாடு, படிப்பு என்று மற்றதையும் பாதித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் 'நம் வீட்டில் எப்படி?' என்று திகைக்க ஒன்றுமில்லை.

பள்ளிக்கூட நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "நடிக்காதே" என்பது ஒன்று. பதற்றத்தால் வரும் வலியும் நிஜமான வலிதான். உடம்பில் கோளாறு உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மற்றது, பாவமே என்று நாள்கணக்கில் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே மறுநாள் பயத்தைக் கூட்டிவிடும். வகுப்பு ஆசிரியரிடம் பேசி, அரை நாளில் தொடங்கிப் படிப்படியாக அனுப்புவது நல்லது. ஆனால் அங்கே யாராவது கொடுமைப்படுத்துகிறார்கள் என்றால் கதை வேறு. முதலில் அதை நிறுத்தியாக வேண்டும்.

தூக்க விஷயத்தில் சோம்பேறிப் பட்டம் வேண்டாம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, பருவ வயதில் உடம்பின் கடிகாரமும் தள்ளிப்போய், இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வருகிறது. இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கும் விதி அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

இனி, பலரும் கேட்கவே பயப்படும் கேள்வி. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டதும் பாரம் இறங்கியதாகப் பலரும் உணர்கிறார்கள். பதில் "ஆமாம்" என்றால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். மாத்திரை போன்ற ஆபத்தான பொருட்களை அகற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டாம். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பது நேர்மையான பதில். சொந்தக்காரர்கள் அந்தப் பட்டியலில் தானாகச் சேர மாட்டார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது: கொஞ்சம் சிரித்துப் பேசியதும் "இப்பதான் நல்லா இருக்கானே" என்று மனச்சோர்வுக்கான மாத்திரையை நாமே நிறுத்துவது. திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம். பழைய சோர்வும் திரும்பலாம். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள், பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு.