கணினிச் சூட்டுக்குப் பயாஸ் மருந்தா? புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி சூடாகிறது என்றவுடன் மதர்போர்டின் பயாஸை (கணினியை எழுப்பி அதன் பாகங்களைத் தயார்செய்யும் உள்மென்பொருள்) புதுப்பித்துப் பார்க்கக் கிளம்புபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பழகும் காலத்தில் நானும் அப்படித்தான் கிளம்பினேன் என்பதால் அவர்களுடைய அவசரம் எனக்குப் புரிகிறது. புதிய பயாஸை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகக் கூடாது, விசிறியில் தூசி சேரக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெப்ப எண்ணை மட்டும் பார்த்துப் பதறுவது

ரைசன் 9 7950எக்ஸ் போன்ற பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி செல்சியஸைத் தொட்டு அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு உச்ச வரம்பு 89 டிகிரி. ஆகவே வெப்பத்தோடு அந்த நேரத்தில் பிராசஸர் இழுக்கும் வாட் அளவையும் சேர்த்தே படிக்க வேண்டும். 230 வாட்டில் வரும் 95 டிகிரி இயல்பானது. 65 வாட்டிலேயே 95 டிகிரி வந்தால் குளிர்விப்பானில்தான் கோளாறு. சுமை தொடங்கிய ஓரிரு நொடிகளில் வெப்பம் உச்சிக்குத் தாவினால், குளிர்விப்பானின் அடிப்பகுதியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் இருக்கலாம், திருகுகள் சமமாக இறுகாமல் இருக்கலாம், அல்லது திரவக் குளிர்விப்பானின் பம்ப் ஓடாமல் இருக்கலாம். மெல்ல மெல்லப் பல நிமிடங்களில் ஏறினால் கேபினெட்டிலிருந்து சூடான காற்று வெளியேறவில்லை என்று கொள்ளலாம். இவற்றில் எதையும் பயாஸ் சரிசெய்யாது.

பேஸ்ட்

குளிர்விப்பானைக் கழற்றினால், பிராசஸரிலிருந்து அதற்கு வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

பழைய அமைப்புகளைக் குறித்துவைக்காமல் புதுப்பிப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்ததும் அமைப்புகள் அனைத்தும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். விசிறி எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்ற வரைகோடு, பிராசஸருக்கு நாம் வைத்த மின்திறன் வரம்பு, குறைத்துவைத்த மின்னழுத்தம், ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ தேர்வு ஆகிய எல்லாம் போய்விடும். பயாஸுக்குள்ளேயே புரொஃபைலாகச் சேமித்திருக்கிறேனே என்பார்கள். பழைய பதிப்பில் சேமித்ததைப் புதிய பதிப்பு பல நேரங்களில் ஏற்பதில்லை.

தெரிந்த ஒருவரின் கணினியில் கோர் ஐ9-13900கே இருந்தது. இன்டெல் அதற்கு வகுத்த உச்ச டர்போ திறன் 253 வாட். ஆனால் அக்காலத்து மதர்போர்டுகள் பலவும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே அந்த வரம்பை ஏறக்குறைய இல்லாமல் செய்துவைத்திருந்தன. கணினியைக் கட்டிக்கொடுத்தவர் வரம்பைக் குறைத்து, மின்னழுத்தத்தையும் சற்று இறக்கிக் கொடுத்திருக்கிறார். உரிமையாளருக்கு அது தெரியாது. கோடையில் சில டிகிரி கூடியதற்காக அவர் பயாஸைப் புதுப்பித்தார். கட்டிக்கொடுத்தவரின் வேலை முழுவதும் அழிந்து, வெப்பம் 100 டிகிரியில் போய் நின்றது. புதிய பதிப்பே சூடானது என்று முடிவு கட்டியவர் பழைய பதிப்புக்குத் திரும்ப முயன்றார், மதர்போர்டு மறுத்தது. பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பிறகு சில மதர்போர்டுகள் பின்னோக்கிப் போக அனுமதிப்பதில்லை. மறுப்பை அங்கேயே மதித்திருக்கலாம். அவரோ எங்கிருந்தோ ஒரு மென்பொருளை இறக்கி, அதே மாடல் பெயரில் வேறு ரிவிஷனுக்கான (வன்பொருள் மாற்றப்பட்ட வடிவத்துக்கான) கோப்பை வலுக்கட்டாயமாக எழுதினார். அதன் பிறகு திரை வரவில்லை. பிராசஸரின் உதவியின்றியே பயாஸை எழுதும் ஃபிளாஷ்பேக் பொத்தானும் அதில் இல்லாததால், சிப்பில் நேரடியாக எழுதும் கருவியைக் கொண்டுவரும்வரை கணினி முடங்கிக் கிடந்தது. பயாஸின் நான்கைந்து திரைகளைக் கைபேசியில் படம் பிடித்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது. பல மதர்போர்டுகளில் யூஎஸ்பி டிரைவைச் செருகி எஃப்12 விசையை அழுத்தினாலே திரையின் படம் அதில் சேமிக்கப்படும்.

பிட்லாக்கர்

இது விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் குறியாக்கம், பயாஸ் மாறினால் மீட்புச் சாவியைக் கேட்கலாம். முதலில் இதை இடைநிறுத்துங்கள், 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் பயாஸைத் தொடாதீர்கள்.

திரை கறுத்ததும் பொத்தானை அழுத்துவது

டிடிஆர்5 ராம் உள்ள கணினிகள், புதுப்பித்த பின் முதல்முறை இயங்கும்போது ராமுக்கு ஏற்ற நேர அளவுகளைப் புதிதாகக் கண்டறியும். அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கலாம், நடுவே கணினி தானே அணைந்து எழலாம். காத்திருங்கள்.

எதற்கும் புதுப்பிக்காமல் இருப்பது

சில சமயம் குற்றம் உண்மையிலேயே ஃபெர்ம்வேரில், அதாவது பயாஸ் போன்ற உள்மென்பொருளில் இருக்கும். 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியபோது, எஸ்ஓசி மின்னழுத்தத்தை (பிராசஸரில் கோர்கள் அல்லாத, ராம் கட்டுப்பாடு போன்ற பகுதிகளுக்குச் செல்வது) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத பயாஸ் பதிப்புகள் வந்தன. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்ட கோளாறுக்கு மைக்ரோகோட் (பிராசஸருக்குள் இயங்கும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது. ஏற்கெனவே சேதமான பிராசஸரை அது மீட்காது என்றாலும், மேற்கொண்டு சேதம் ஆகாமல் காக்கவே அது வெளியிடப்பட்டது. எனவே ஒவ்வொரு பதிப்பின் மாற்றக் குறிப்பையும் படித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பதிப்பை ஏற்றிய பிறகு, படம் பிடித்துவைத்ததையெல்லாம் அப்படியே திருப்பி இடக் கூடாது. விசிறி வரைகோட்டையும் மின்திறன் வரம்பையும் முதலில் இட்டு, முழுச் சுமையில் வெப்பத்தை அளந்து பாருங்கள். குறைத்த மின்னழுத்தம் கடைசியில்தான் வர வேண்டும். புதிய மைக்ரோகோட் அடிப்படை மின்னழுத்தத்தையே மாற்றியிருந்தால், நேற்றுவரை நிலையாக ஓடிய அதே மின்னழுத்தக் குறைப்பு இன்று கணினியை உறையவைக்கலாம்.