பில்டு சோதிக்கப் புத்தம்புது மெஷின்: வேக்ரண்ட் பழகலாம்

நான் எழுதிய ஒரு சின்ன சி நிரல் என் லேப்டாப்பில் சத்தமில்லாமல் பில்டு ஆகும், அதாவது மூலக் கோடு ஓடக்கூடிய நிரலாக மாறும். நண்பர் தன் கணினியில் பில்டு செய்ய ‘மேக்’ கட்டளையை அடித்தார். இசட்லிப் என்ற லைப்ரரியின் ஹெடர் கோப்பைக் காணோம் என்று நின்றுவிட்டது. எப்போதோ வேறு வேலைக்காக நான் அதை நிறுவியிருந்தேன், மறந்தே போயிருக்கிறேன். இப்போதெல்லாம் எதையும் வெளியே கொடுக்கும் முன், கூடுதலாக எதுவும் நிறுவாத வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில் பில்டு செய்து பார்த்துவிடுகிறேன்.

முதலில் அந்த மெஷினை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ், அப்புறம் ஒரு கோப்பில் எழுதியபடி மெஷினை அமைத்துத் தரும் வேக்ரண்ட், இரண்டையும் நிறுவுங்கள். பிராஜெக்ட் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து ‘வேக்ரண்ட் இனிட்’ என்று அடித்து, கூடவே பாக்ஸின் பெயரையும் கொடுங்கள். பாக்ஸ் என்றால் ஓஎஸ் ஏற்கெனவே நிறுவிய தயார் மெஷின். நான் எடுத்தது டெபியன் 12 என்ற லினக்ஸ். உடனே ‘வேக்ரண்ட்ஃபைல்’ என்றொரு கோப்பு வரும். அது ரூபி மொழியில் இருக்கும், பயப்பட வேண்டாம், திருத்தப்போவது நாலைந்து வரிதான். மெமரிக்கு 2048 எம்பி கொடுத்தால் சின்ன பிராஜெக்டுக்குப் போதும்.

அதே கோப்பில் ‘ப்ரொவிஷன்’ பகுதியில், மெஷின் உருவானதும் தானாக ஓடி வேண்டியதை நிறுவும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். முதல் வரி ‘செட் ஹைஃபன் ஈ’: எங்காவது பிழை வந்தால் அங்கேயே நிற்கும். அடுத்து, நிறுவக்கூடிய மென்பொருள்களின் பட்டியலைப் புதுப்பிக்க ‘ஆப்ட்-கெட் அப்டேட்’. பிறகு கம்பைலர், கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், தேவையான லைப்ரரிகள் ஆகியவற்றை நிறுவும் வரி. அந்த இன்ஸ்டால் வரியில் ‘ஹைஃபன் ஒய்’ கட்டாயம். உள்ளே உட்கார்ந்து ‘சரி’ சொல்ல ஆள் கிடையாது. இந்த ஸ்கிரிப்ட் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகவே ஓடும், அந்த அதிகாரம் கேட்கும் சுடோ கட்டளை தேவையில்லை.

இங்கே இன்னும் சிலவற்றைச் சேர்க்கக் கை நீளும், கவனம். உங்கள் ரீட்மீயில் (நிரலோடு கொடுக்கும் குறிப்புக் கோப்பு) தேவை என்று எழுதியிருப்பவற்றை மட்டும் போடுங்கள். ஒன்று கூடுதலாகப் போட்டாலும் சோதனை பொய்யாகிவிடும்.

சரி, ‘வேக்ரண்ட் அப்’ அடியுங்கள். முதல் தடவை பாக்ஸ் இறங்க நேரமாகும், ஒரு டீ போட்டுக்கொண்டு வரலாம். பிறகு ‘வேக்ரண்ட் எஸ்எஸ்ஹெச்’ அடித்து மெஷினுக்குள் போங்கள். அங்கே உங்கள் பிராஜெக்ட், டிஸ்கின் மேல்மட்டத்தில் ‘வேக்ரண்ட்’ என்ற ஃபோல்டராகத் தெரியும். அந்த ஃபோல்டரிலேயே பில்டு செய்யாதீர்கள்! முந்தைய பில்டில் உருவான பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளும் கூடவே வந்திருக்கும், எல்லாம் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். ஹோம் ஃபோல்டருக்குக் கிட் க்ளோன் (கிட்டில் பதிந்தவற்றின் நகல்) எடுத்து அதில் ‘மேக்’ அடியுங்கள். கமிட் செய்ய, அதாவது கிட்டில் பதிய, மறந்த கோப்பும் அப்போது மாட்டிக்கொள்ளும்.

ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டு மறுபடி ‘அப்’ அடித்தால் அது ஓடாது. ப்ரொவிஷன் முதல் முறை மட்டும்தான். ‘வேக்ரண்ட் டெஸ்ட்ராய்’ கொடுத்து மெஷினையே அழித்துவிட்டு ‘அப்’ அடியுங்கள். பாக்ஸ் உங்கள் டிஸ்கிலேயே இருப்பதால் இந்தத் தடவை டீ ஆறுவதற்குள் மெஷின் தயார்.